வெற்று ஜாடியின் மூச்சு

மண் மூச்சு விடுகிறது என்று சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். மீதி இருவர், சொன்னவருடைய உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிப்பார்கள். இந்த இரு வகையாரையும் இருபத்தாறு ஆண்டுகளாகச் சமாளித்து வந்தவர் சொட்டு சார்.

மண் ஆய்வகத்தின் மூன்றாம் எண் அறை அவருடையது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பவர் என்பதால் அந்தப் பெயர் வந்தது. தலையில் முடியும் குறைவு என்பதால், வேண்டாதவர்கள் கடைசி எழுத்தைச் சற்றே மாற்றியும் சொல்வார்கள். அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

மருந்துக் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனருக்குக் கை நீளமில்லை. வாய் மட்டும் எட்டூருக்கு நீளும். குடும்பத்தார் கூடும் இடத்திலெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“மச்சான், மண்ணு மூச்சு விடுதான்னு பாக்கறதுக்கெல்லாமா ஆள் வெச்சிருக்காங்க? என்னை வந்து பாருங்க. அக்கா ஒரு குரல் குடுத்தா எனக்கு மூச்சே நின்னுடுது.”

அக்கா என்பவர் சொட்டு சாரின் மனைவி. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை பொருத்துபவர். தம்பிக்கு மூச்சு நிற்பதில் அவருக்கு ஆட்சேபமில்லை.

சொட்டு சார் செய்த வேலை இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயலிலிருந்து துணிப் பையில் வரும் மண்ணைச் சலித்து, நூறு கிராம் நிறுத்து, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் இடுவார். மண்ணின்மேல் சிறு கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் பத்து மில்லி காரக் கரைசல் ஊற்றுவார். இரப்பர் வளையம் போட்ட மூடியை இறுக்கி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்துவிடுவார். மண்ணுக்குள் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவை விடும் கரியமில வாயுவைக் காரம் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கிண்ணத்தை எடுத்து நிறங்காட்டி இரண்டு துளி விட்டால் கரைசல் இளஞ்சிவப்பாகும். புரெட் என்னும் நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அதில் அமிலத்தைச் சொட்டவிட வேண்டும். இளஞ்சிவப்பு மறைகிற அந்தச் சொட்டோடு நிறுத்தி, எத்தனை மில்லி ஆயிற்று என்று எழுதிக்கொள்ள வேண்டும். மண் எவ்வளவு மிகுதியாக மூச்சு விட்டதோ, அவ்வளவு குறைவாக அமிலம் செலவாகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜாடிக்குள் அடைபட்ட வெளிக்காற்றிலும் சிறிது கரியமில வாயு இருக்கும். அதையும் மண்ணின் தலையில் கட்டிவிடலாகாது. ஆகவே மண்ணே போடாத மூன்று ஜாடிகளையும் அவற்றோடு சேர்த்து மூடி வைப்பார். அவற்றுக்கு வெற்று ஜாடிகள் என்று பெயர். வெற்று ஜாடிக்கு ஆன அமிலத்திலிருந்து மண் ஜாடிக்கு ஆன அமிலத்தைக் கழித்தால் எஞ்சுவதே மண்ணின் மூச்சு.

அவர் இந்த ஆய்வகத்துக்கு மண் பைகளுக்குச் சீட்டு எழுதுபவராகத்தான் வந்தார். ஒருநாள் மூன்றாம் அறையின் கதவு திறந்திருந்தது. ஒரே ஒரு சொட்டில் ஒரு கிண்ணம் முழுவதும் நிறம் இழந்ததைக் கண்டார். அது எங்கே போயிற்று என்று கேட்டவர், பிறகு சீட்டு எழுதும் மேசைக்குத் திரும்பவே இல்லை.

அவருடைய ஜாடி கழுவும் முறையும் குறிப்பிடத் தக்கது. ஜாடிகளைக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்த பின், வெற்று ஜாடிகளாக வைக்கவிருக்கும் மூன்றை மட்டும் தனியே எடுப்பார். மண் விழப்போகும் ஜாடியில் ஒரு தூசி இருந்தாலும் போகட்டும். வெற்று ஜாடி மாசு மறுவின்றி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொன்றையும் வாயருகே கொண்டுபோய் “ஹா” என்று ஊதுவார். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராகக் கலைந்தால் கண்ணாடி சுத்தம். திட்டுத் திட்டாகப் படிந்தால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று பொருள். தேறியவற்றை ஓவனில் கவிழ்த்து வைப்பார். இரவெல்லாம் அவை சூட்டில் உலரும். மறுநாள் காலையில்தான் பயன்படுத்துவார்.

பெட்டிக்காரம்மா வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. கருவி விற்கும் நிறுவனத்தின் பொறியாளர் அவர். நாற்பது வயதிருக்கும், கையில் எப்போதும் ஒரு திருப்புளி. ஒரு மாதச் சோதனைக்காகச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மூன்றாம் அறையின் மேற்குச் சுவரோரம் அமர்த்தினார். அதன் பின்புறமிருந்து பன்னிரண்டு குழாய்கள் பன்னிரண்டு ஜாடிகளுக்குச் சென்றன. பெட்டி ஒவ்வொரு ஜாடியாக முறை வைத்துக் காற்றை இழுத்து, அதனூடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, கரியமில வாயு எத்தனை பங்கு என்று திரையில் காட்டும். முறை மாறும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓர் ஓசை.

“என்னம்மா, பல்லி மாதிரி சத்தம் போடுது?” என்றார் சொட்டு சார்.

“உங்க ஜாடி மாதிரி ஊமையா இருக்கச் சொல்றீங்களா சார்? இது கேட்டா உடனே பதில் சொல்லும். உங்களுது ஒரு நாள் யோசிச்சிட்டு சொல்லும்.”

“யோசிச்சு சொல்றவன் பேச்சு தப்பாது.”

“பாப்போமே!”

இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போயிற்று. அவர் குழாய் குழாயாகத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார். அந்த அம்மையார் சலிக்காமல் பதில் சொன்னார். ஜாடியைப் பொருத்தியதும் பெட்டி அதிலுள்ள பழைய காற்றை வெளியேற்றி, வடிகட்டிய காற்றை நிரப்பிய பிறகே அளக்கத் தொடங்கும் என்ற செய்தியை அவர் தம் குறிப்பேட்டில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். ஏன் கோடு போட்டார் என்பது அன்றைக்கு அவருக்கே தெரியாது.

அதே வாரத்தில் ஆய்வகத்து ஓவனின் சூட்டுக் கம்பி எரிந்துபோயிற்று. மாற்றுக் கம்பி வர மூன்று வாரமாகும் என்றார்கள். ஜாடிகளைக் காலையில் கழுவி, துடைத்து, அப்போதே பயன்படுத்துவதென்று ஏற்பாடாயிற்று.

வயல்காரம்மாவின் மண் வந்தது அதற்கடுத்த வாரம். அவருடைய வயலை ஒட்டி வண்ணப்பூச்சு ஆலை ஒன்று இருந்தது. மழைக்கு அதன் கழிவுத் தொட்டி உடைந்து, வயல் முழுவதும் நுரைத்த நீர் ஒரு வாரம் நின்றது. மண் செத்திருந்தால் ஓரடி ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்துவோம், உயிர் இருந்தால் தொடமாட்டோம் என்று நிலத் துறை அறிவித்திருந்தது. ஆய்வகத்தின் அறிக்கை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை மண் வாரும் எந்திரங்கள் வரும்.

அந்த அம்மையார் நாள்தோறும் நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார்.

“சார், என் மண்ணு உசுரோட இருக்கா?”

“தலைவர் கையெழுத்து ஆகாம நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா.”

“நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லுங்க. அந்த ஓரடி மண்ணு எங்கப்பா சாணியும் சருகுமா நாப்பது வருஷம் போட்டுச் சேத்தது. அதுக்குக் கீழ வெறும் களி சார். அதுல புல்லுகூட வராது.”

“கையெழுத்து ஆகட்டும்மா.”

வேறு எவராக இருந்தாலும் இரண்டு நாளில் அலுத்திருப்பார்கள். அவர் மட்டும் தவறாமல் அழைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு முடிவுகளும் மேசைமேல் இருந்தன. சொட்டு சாரின் புரெட், அந்த வயல் மண் ஏறக்குறைய செத்துவிட்டது என்றது. வெற்று ஜாடிகளுக்கு ஆன அமிலம் 18.4 மில்லி, வயல் மண்ணுக்கு 18.3. வித்தியாசம் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. பெட்டியோ, மண் மெலிந்திருக்கிறது, ஆனால் மூச்சு ஒழுங்காக வருகிறது என்றது.

ஆய்வகத் தலைவர் வந்தார். ஒரு காலை அறைக்குள்ளும் மற்றதை வாசலுக்கு வெளியேயும் வைத்துக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். எவருடைய அறையிலும் அவர் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சார் கை இருபத்தாறு வருஷக் கை. பெட்டி வந்து பதினஞ்சு நாள்தான் ஆச்சு. பெட்டியத் திங்கக்கிழமை திருப்பி அனுப்பிடலாம். அறிக்கைல சாரோட எண்ணையே போட்டுடுங்க.”

பெட்டிக்காரம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “சார், பெட்டிய நேத்துதான் சரிபாத்தேன்...”

“வெற்று ஜாடி மூணும் எவ்வளவுன்னு பாருங்கம்மா. பதினெட்டு புள்ளி நாலு, நாலு, அஞ்சு. மூணும் ஒண்ணு போல இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று சொல்லி வெளிக்காலின் பக்கமாகவே தலைவர் போய்விட்டார்.

வென்றவர் மகிழ்ந்திருக்க வேண்டும். சொட்டு சாருக்கு மகிழ்ச்சி வரவில்லை, மனத்தில் அரிப்புதான் வந்தது. பெட்டி பொய் சொல்வதென்றால் எல்லா மண்ணுக்கும் பொய் சொல்ல வேண்டும். கொழுத்த தோட்ட மண்ணில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மெலிந்த மண்ணில் மட்டும் பிணங்கின. ஏன்?

பழைய குறிப்பேடுகளைப் பிரித்தார். ஆண்டாண்டாக வெற்று ஜாடிகளின் எண் 19.6-ஐ ஒட்டியே இருந்தது. ஓரிரு சொட்டு மேலே கீழே போகும், அதற்குமேல் போனதில்லை. இரண்டு வாரமாகத்தான் 18.4. அந்த மாற்றத்தை அவர் கவனிக்காமலில்லை. ‘புதிதாகக் கரைத்த காரம், சற்று நீர்த்திருக்கலாம்’ என்று ஓரத்தில் தம் கையாலேயே எழுதியிருந்தார். எழுதினாரே ஒழிய, சோதிக்கவில்லை. ஜாடிகள் மூன்றும் ஒத்துப்போனதில் மனம் நிறைந்துவிட்டது.

உடனே காரப் புட்டியிலிருந்து நேராகப் பத்து மில்லி எடுத்து அளந்தார். அமிலம் 20.0 மில்லி ஆயிற்று. புட்டியில் ஒரு குறையும் இல்லை.

“அம்மா, இங்க வாங்க. புட்டில இருக்கற காரம் இருபது. வெற்று ஜாடிக்குள்ள போய் வந்தா பதினெட்டு புள்ளி நாலு. ஜாடிக்குள்ள யாரோ மூச்சு விடறாங்க.”

“காலி ஜாடியில யாரு சார் இருக்கா? பூதமா?”

“பூதமா இருந்தா மூணு ஜாடிலயும் ஒரே அளவா விடாது.”

ஐயத்துக்குரியவர்களை வரிசையாக நிறுத்தினார்: இரப்பர் வளையம், துடைக்கும் துணி, குழாய்த் தண்ணீர். ஒரு ஜாடிக்குப் புது வளையம் போட்டார். ஒன்றைத் துணி தொடாமல் சூடற்ற காற்றில் உலர்த்தினார். ஒன்றைக் காய்ச்சி வடித்த வாலை நீரால் அலசினார். மூன்றையும் வழக்கம்போல் சுத்தம் பார்த்து மூடினார். புதன்கிழமை அளந்தபோது 18.4, 18.5, 18.4. மூன்று பேரும் நிரபராதிகள்.

அன்று நான்கு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. “சார், எந்திரக்காரங்க இன்னிக்கு வந்து வரப்ப அளந்துட்டுப் போயிட்டாங்க” என்றார் வயல்காரம்மா. வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொட்டு சாருக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு, மனைவியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கண்ணாடிக் கடைக்குச் சென்றார். கடையில் வேறு ஆளில்லை. சொட்டு சார் நாற்காலியில் உட்காரக் குனிந்தபோது மூக்குக்கண்ணாடி வழுக்கி மேசையில் விழுந்தது.

“கண்ணாடிக்காரி வீட்டுக்காரர் கண்ணாடி நிக்குதா பாரு! ஊர் கண்ணாடியெல்லாம் நான் சரி பண்றேன். உங்களுக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியாதா?”

“வேற யோசனைல இருந்தேன்.”

“என்னைக்குதான் இல்ல?”

மனைவி சிறு திருகாணியை இறுக்கினார். பிறகு வில்லையை வாயருகே கொண்டுபோய் “ஹா” என்று ஊதி, விளக்கின் எதிரே பிடித்து, ஆவி கலைவதைப் பார்த்தார். ஓரத்தில் விரல் ரேகை தெரிந்தது. துடைத்தார்.

சொட்டு சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இன்னொரு தடவ ஊது.”

“என்னது?”

“ஊதேன், பாக்கறேன்.”

“இந்த வயசுல, கடைல வெச்சு, என்ன விளையாட்டு இது? யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?”

ஆனாலும் ஊதினார். கண்ணாடியில் வெண்மையாகப் படிந்த மூச்சு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சுருங்கி மறைந்தது. சுத்தம் பார்க்கும் இந்த வித்தையை மணமான முதல் ஆண்டில் மனைவியிடமிருந்துதான் அவர் கற்றுக்கொண்டார். ஆவி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் மறைந்தது எங்கே போகும்? வில்லையாக இருந்தால் அறைக்குள் போகும். ஜாடியாக இருந்தால்?

முன்பெல்லாம் ஓவனின் சூடு இரவெல்லாம் அதை விரட்டிவிடும். ஓவன் படுத்தபின், ஊதிய கையோடு மூடியைப் போட்டு இறுக்கிவிடுகிறார்.

“பூதம் ஆப்புட்டுடுச்சு” என்றார்.

“யாரு?”

“நான்தான்.”

வியாழக்கிழமை காலையில் பெட்டிக்காரம்மாவிடம் சொன்னபோது, அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு யோசித்தார். “அதான் பெட்டிக்கு இது தெரியல. அது பழைய காத்த வெளிய தள்ளிட்டுதானே அளக்குது. இருங்க, அந்த வேலைய மட்டும் நிறுத்தி வைக்கறேன். நீங்க ஊதுங்க.”

ஊதாத ஜாடியை முதலில் பொருத்தினார்கள். பத்து இலட்சத்தில் நானூற்று இருபது பங்கு என்று திரை காட்டியது. அறையின் காற்று அதுவேதான். அடுத்து அவர் ஒரு ஜாடியை எடுத்து, எப்போதும்போல் ஊதி மூடினார். ‘டக்.’ ஆயிரத்து எண்ணூறு. இன்னொன்று. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. மூன்றாவது. ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து.

“சார், நீங்க மனுஷனா, இல்ல நீங்களும் ஒரு கருவியா? மூணு தடவையும் அளந்து வெச்ச மாதிரி ஊதியிருக்கீங்க!”

தம்மை இத்தனை நாள் ஏமாற்றியது அந்த ஒழுங்குதான் என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று. ஏனோதானோவென்று ஊதுபவராக இருந்திருந்தால் மூன்று ஜாடிகளும் மூன்று எண் சொல்லி, முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

பெட்டியின் வாக்கு மட்டும் போதாது. தம் புரெட்டும் சொல்ல வேண்டும் என்று ஆறு வெற்று ஜாடிகளை மூடி வைத்தார். மூன்றில் ஊதினார், மூன்றில் ஊதவில்லை. ஊதாத மூன்றையும் மூடி முடிக்கும் வரையில், பழக்க தோஷத்தால் வாய் ஊதிவிடாதிருக்க, ஒரு கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. ஊதிய ஜாடிகள் 18.4, 18.5, 18.4. ஊதாதவை 19.6, 19.6, 19.5. வயல் மண் செவ்வாயன்றே 18.3. மெய்யான வெற்று எண்ணிலிருந்து கழித்தால் மண்ணின் மூச்சு 1.3 மில்லி. பெட்டி சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டு வாரமாக அவர் ஒவ்வொரு மண்ணின் மூச்சிலிருந்தும் தம் மூச்சைக் கழித்துக்கொண்டிருந்தார். கொழுத்த மண்ணுக்கு அந்த இழப்பு உறைக்கவில்லை. மெலிந்த மண்ணுக்கோ கையிலிருந்த அத்தனையும் போயிற்று.

தலைவர் வாசலில் நின்று ஆறு எண்களையும் இருமுறை படித்தார்.

“ரெண்டு வாரத்துல பதினோரு அறிக்கை அனுப்பியிருக்கோம் சார்.”

“ஆமா. பதினொண்ணையும் திருத்தி அனுப்பணும்.”

“ஓவன் பழுதுன்னு எழுதிடலாமே? அது பொய்யும் இல்ல. உங்க பேரும் அடிபடாது. இன்னும் மூணு வருஷத்துல ஓய்வு வேற வருது.”

சொட்டு சார் ஓவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவு திறந்து, உள்ளே இருட்டாக, அது பேசாமல் நின்றது.

“ஓவன் ஊதல சார். நான்தான் ஊதினேன். ஓவன்னு எழுதினா, நாளைக்குக் கம்பி மாத்தினதும் எல்லாரும் மறந்துடுவாங்க. எனக்கு அப்புறம் வர்றவங்களும் கண்ணாடிய ஊதித்தான் பாப்பாங்க.”

தலைவர் வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தார். பிறகு பெட்டிக்காரம்மாவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழாம் எண் அறையின் எழுத்தர் இதைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்ல ஓடினார்.

“என்னன்னு எழுதணும், சொல்லுங்க.”

“வெற்று ஜாடிகளில் ஆய்வாளரின் மூச்சு கலந்திருந்தது. இரண்டு வாரத்து எண்கள் திருத்தப்படுகின்றன. இந்த வயலின் மண் உயிருடன் உள்ளது.”

பதினொன்றரைக்குக் கையெழுத்தாயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அறிக்கை நிலத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. எந்திரங்கள் வரத் தேவையில்லை என்று அங்கிருந்து மறுமொழியும் வந்தது. நான்கு மணிவரை காத்திருக்கச் சொட்டு சாருக்கு மனம் வரவில்லை. இத்தனை நாளில் முதன்முறையாக அவரே வயல்காரம்மாவின் எண்ணைச் சுழற்றினார்.

“கையெழுத்து ஆயிடுச்சும்மா. உங்க மண்ணு உசுரோட இருக்கு. மெதுவா மூச்சு விடுது, ஆனா விடுது. யாரும் தோண்ட வர மாட்டாங்க.”

வயல்காரம்மா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“இது ஏன் சார் இவ்வளவு நாள் இழுத்துச்சு?”

சொன்னார். ஜாடி, ஊதியது, ஓவன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மையார் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்.

“அட, உங்க வாய்க்காத்தா? நான் என்னவோ பெயிண்டுதான்னு நினைச்சேன்” என்றார் வயல்காரம்மா. பிறகு அவர் குரலில் வேறொரு தொனி வந்தது. “ஆமா சார், ஒரு வாரம் அந்த நுரைத் தண்ணிக்குள்ள கெடந்துச்சே! அதையும் குடிச்சிட்டு எப்படி சார் இன்னும் மூச்சு விடுது? உள்ள எதுதான் பொழச்சிருக்கு?”

இருபத்தாறு ஆண்டுகளில் எந்த வயல்காரரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எது என்று கேட்டதில்லை. புரெட்டும் அதைச் சொல்லாது, பெட்டியும் சொல்லாது.

“தெரியலம்மா” என்றார். “திங்கக்கெழம ரெண்டு பை மண்ணு அனுப்புங்களேன். தண்ணி ரொம்ப நின்ன எடத்துல எடுத்தது ஒண்ணு, கொஞ்சமா நின்ன எடத்துல எடுத்தது ஒண்ணு. வேற வேற பையில.”

தொலைபேசியை வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு புதுச் சீட்டுகளை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றியபடி, சுவரோரம் நின்ற பெட்டிக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

“அம்மா, அந்தப் பெட்டியத் திங்கக்கெழம எடுத்துட்டுப் போயிடாதீங்க.”